ஒரு குறுக்கீடு, நான்கு சிபியுக்கள்: லினக்ஸ் கெர்னலுக்குள் புதிதாக நுழைபவர்களுக்கு

பாடப்புத்தகத்தில் வன்பொருள் குறுக்கீடு மூன்று வரியில் முடிந்துவிடும். சாதனம் சைகை கொடுக்கும். சிபியு கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அதற்குரிய ஹேண்ட்லரை, அதாவது அந்தச் சைகையைக் கவனிக்கும் ஃபங்ஷனை, ஓட்டும். முடிந்ததும் விட்ட இடத்துக்குத் திரும்பும். இவற்றில் பிழை ஏதும் இல்லை. ஆனால் மூன்றுமே ஒற்றை சிபியு காலத்து வரிகள். இன்று சாதாரண மடிக்கணினியிலேயே லினக்ஸ் எட்டு சிபியுக்களைக் காட்டுகிறது. அந்த எட்டில் எது தன் வேலையை நிறுத்தும்? அதை யார் முடிவு செய்கிறார்கள்? நின்றுபோன சிபியு அந்த நொடியில் ஒரு பூட்டை (பகிரும் தரவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொட வைக்கும் காவல்) பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? மற்ற ஏழும் அப்போது என்ன செய்துகொண்டிருக்கும்?

கெர்னலில் குறுக்கீடு தொடர்பான எந்த நிரலை வாசித்தாலும், எழுதினாலும், ‘இது எந்த சிபியுவில் ஓடுகிறது?’ என்று கேட்டுப் பழகுங்கள். புதியவர்கள் திணறும் இடங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காமல் கடந்த இடங்கள்தான். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகும். சி மொழி தெரிந்திருந்து, ஒரு சிறிய கெர்னல் மாட்யூலைக் கம்பைல் செய்து ஏற்றிப் பார்த்த பழக்கமும் இருந்தால் போதும்.

சோதனைக்கு உங்கள் சொந்தக் கணினியைப் பலி கொடுக்க வேண்டாம். கியூஎமுவிலோ விர்ச்சுவல்பாக்ஸிலோ நான்கு சிபியுக்கள் கொண்ட ஒரு மெய்நிகர் இயந்திரம் அமைத்து, நெட்வொர்க் கார்டாக இன்டெல்லின் பழைய இ1000 மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே உருவான வேகமான விர்ட்ஐஓ கார்டு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். இ1000 பழைய பாணிக் கம்பிக் குறுக்கீட்டைப் பயன்படுத்துகிறது. அதன் டிரைவர் அந்தக் கம்பியை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளச் சம்மதிக்கிறது. பின்னால் நம்முடைய ஹேண்ட்லரையும் அதே கம்பியில் மாட்டிப் பார்க்க இது வசதி.

கட்டளைகள், கோப்புகள், ஃபங்ஷன்கள் ஆகியவற்றின் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதல் படி: அட்டவணையை வாசிப்பது

‘ப்ராக்’ கோப்பகத்தில் ‘இன்டரப்ட்ஸ்’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதை ‘கேட்’ கட்டளையால் திறந்து பாருங்கள். மேல்வரியில் சிபியு 0 முதல் சிபியு 3 வரை நான்கு தலைப்புகள். கீழே ஒவ்வொரு வரியும் ஒரு குறுக்கீடு. இடது ஓரத்தில் அதன் ஐஆர்க்யூ எண் (குறுக்கீட்டுக்கு லினக்ஸ் தரும் அடையாள எண்), அடுத்து ஒவ்வொரு சிபியுவும் இயந்திரம் எழுந்ததிலிருந்து அதை எத்தனை முறை எதிர்கொண்டது என்ற நான்கு எண்ணிக்கைகள், பிறகு எந்தக் குறுக்கீட்டுச் சிப் வழியாக வருகிறது என்ற விவரம், கடைசியில் டிரைவர் கொடுத்த பெயர். உங்கள் நெட்வொர்க் கார்டின் பெயர் உள்ள வரியைத் தேடுங்கள். அது 10, 11 அல்லது 19 போன்ற ஓர் எண்ணில் இருக்கும்.

இப்போது ‘வாட்ச்’ கட்டளையைக் கொண்டு அதே கோப்பை நொடிக்கொரு முறை காட்டச் செய்துவிட்டு, இன்னொரு முனையத்தில் ‘பிங்’ ஓட்டுங்கள். நெட்வொர்க் கார்டின் வரியில் ஒரே ஒரு பத்தி மட்டும் ஏறும். மற்ற மூன்றும் அசையாது. கெர்னல் இதைச் சுற்றுமுறையில் பகிர்ந்து கொடுக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு முதல் ஏமாற்றம் இது. அப்படிக் கொடுக்காமல் இருப்பதுதான் நல்லது. ஒரே சாதனத்தின் தரவுகள் ஒரே சிபியுவின் கேஷில், அதாவது அதன் அருகிலுள்ள விரைவு நினைவகத்தில், சூடாக இருக்கும். ஒவ்வொரு முறையும் வேறொரு சிபியுவுக்குத் தாவினால் அந்தத் தரவுகளும் கேஷ் விட்டுக் கேஷ் அலைய வேண்டியிருக்கும்.

அட்டவணையின் கீழ்ப்பகுதியில் எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளில் தொடங்கும் வரிகளும் உண்டு. ‘எல்ஓசி’ என்பது ஒவ்வொரு சிபியுவுக்கும் சொந்தமான டைமர். அதை இன்னொரு சிபியுவுக்கு மாற்றுவது என்ற பேச்சே இல்லை. ‘ஆர்இஎஸ்’, ‘சிஏஎல்’, ‘டிஎல்பி’ என்ற மூன்றும் வெளிச் சாதனம் எதிலிருந்தும் வருவதில்லை; ஒரு சிபியு இன்னொரு சிபியுவைத் தட்டி எழுப்பிய கணக்கு அது. அவற்றைப் பற்றிப் பிறகு.

இரண்டாம் படி: சைகை வரும் பாதையைப் புரிந்துகொள்வது

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் 8259 என்ற சிப் ஒன்று இருந்தது. எட்டு கம்பிகள் உள்ளே, ஒரு கம்பி வெளியே. 1984இல் வந்த ஏடி மாதிரியில் இரண்டாவது 8259ஐ முதல் சிப்பின் ஒரு கம்பியில் கோத்தார்கள். எட்டும் எட்டும் பதினாறு, கோப்பதற்குச் செலவான ஒன்று போக 15. வெளியே போகும் கம்பி ஒன்று, அதன் மறுமுனையில் இருக்கும் சிபியுவும் ஒன்று. ‘எந்த சிபியு’ என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

பல சிபியுக்கள் வந்தபோது இன்டெல் வேலையை இரண்டாகப் பிரித்தது. ஒவ்வொரு சிபியுவுக்குள்ளும் ஒரு ‘லோக்கல் ஏபிக்’. சாதனங்களின் பக்கம் ஒரு ‘ஐஓ ஏபிக்’. இதில் பொதுவாக 24 கம்பிகள். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு பதிவு இருக்கும். இந்தக் கம்பியில் சைகை வந்தால் எந்த சிபியுவுக்கு, எந்த வெக்டர் எண்ணில் (சிபியு புரிந்துகொள்ளும் குறுக்கீட்டு எண்) அனுப்ப வேண்டும் என்பது அந்தப் பதிவில் எழுதப்பட்டிருக்கும். எழுதுவது கெர்னல். நீங்கள் பார்த்த அந்த ஒற்றைப் பத்தியின் காரணம் இந்தப் பதிவுதான்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனங்கள் கம்பியையே விட்டுவிட்டன. எம்எஸ்ஐ முறையில் சாதனம் ஒரு குறிப்பிட்ட முகவரியில் ஒரு எண்ணை எழுதுகிறது, அவ்வளவுதான். எந்த சிபியு என்பது அந்த முகவரிக்குள்ளும், எந்த வெக்டர் என்பது எழுதப்படும் எண்ணுக்குள்ளும் அடங்கியிருக்கும். குறுக்கீட்டை வேறு சிபியுவுக்கு மாற்ற வேண்டுமென்றால் ‘இனி இந்த முகவரியில் எழுது’ என்று சாதனத்துக்குச் சொன்னால் போதும். இதன் விரிந்த வடிவமான எம்எஸ்ஐ-எக்ஸில் ஒரே சாதனம் 2048 குறுக்கீடுகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, ஆகவே தனி சிபியு. இன்றைய நெட்வொர்க் கார்டுகளும் என்விஎம்இ வட்டுகளும் சிபியுவுக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொள்வது இதனால்தான் முடிகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஐஆர்க்யூ எண்ணும் வெக்டர் எண்ணும் வேறு வேறு. ஐஆர்க்யூ எண் லினக்ஸ் தன் கணக்குக்கு வைத்துக்கொள்ளும் அடையாளம்; வெக்டர் சிபியு புரிந்துகொள்ளும் எண். எக்ஸ்86இல் வெக்டர்கள் 256. முதல் 32ஐ பூஜ்ஜியத்தால் வகுத்தல், பேஜ் ஃபால்ட் போன்றவற்றுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மீதியில் ஆயிரம் சாதன வரிசைகளை எப்படி அடக்குவது? வெக்டரை எந்த ஐஆர்க்யூவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அட்டவணையை லினக்ஸ் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறது. சிபியு 0இல் வெக்டர் 40 வட்டுக்கும், சிபியு 3இல் அதே 40 நெட்வொர்க்குக்கும் சொந்தமாக இருக்கலாம். வெக்டரைப் பற்றிப் பேசும்போதுகூட ‘எந்த சிபியுவில்?’ என்று கேட்காமல் நகர முடியாது.

ஏஆர்எம் இயந்திரங்களில் இந்த வேலையை ‘ஜிக்’ என்ற கட்டுப்படுத்தி செய்கிறது. எண்களைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடலாம் என்பது அதில் எனக்குப் பிடித்த அம்சம். 0 முதல் 15 வரை சிபியுக்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்பவை, 16 முதல் 31 வரை ஒவ்வொரு சிபியுவுக்கும் சொந்தமானவை, 32 முதல் எல்லோருக்கும் பொதுவான சாதனங்கள்.

மூன்றாம் படி: ஒரு குறுக்கீட்டை இடம் மாற்றிப் பார்ப்பது

‘ப்ராக்’ கோப்பகத்துக்குள் ‘ஐஆர்க்யூ’ என்ற துணைக் கோப்பகம். அதற்குள் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கோப்பகம். உங்கள் கார்டின் எண்ணுக்குள் போனால் ‘எஸ்எம்பி_அஃபினிட்டி’, ‘எஸ்எம்பி_அஃபினிட்டி_லிஸ்ட்’, ‘எஃபெக்டிவ்_அஃபினிட்டி_லிஸ்ட்’ போன்ற கோப்புகள் இருக்கும். அஃபினிட்டி என்பது ஒரு குறுக்கீடு எந்தெந்த சிபியுக்களுக்குப் போகலாம் என்ற அமைப்பு. முதலாவது மாஸ்க் வடிவம்: சிபியு 0க்கு 1, சிபியு 1க்கு 2, சிபியு 2க்கு 4 என்று இரண்டின் அடுக்குகளைக் கூட்டிப் பதினாறடிமான எண்ணாக எழுத வேண்டும். இரண்டாவதில் மனிதர்கள் எழுதுவது போல ‘2’ என்றோ ‘0-3’ என்றோ எழுதலாம். புதியவர்கள் இரண்டாவதையே பயன்படுத்துங்கள். மாஸ்க்கில் ‘3’ என்று எழுதிவிட்டு சிபியு 3க்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வது வெகு சாதாரணமாக நடக்கும். உண்மையில் அது சிபியு 0, 1 இரண்டையும் குறிக்கும்.

எழுதுவதற்கு ரூட் உரிமை வேண்டும். ‘சூடோ எக்கோ’ என்று தொடங்கி அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும். கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல். அதற்கு ரூட் உரிமை இல்லை. எக்கோவின் வெளியீட்டை ‘சூடோ டீ’ கட்டளைக்குக் குழாய் வழியாக அனுப்புங்கள்.

2 என்று எழுதிவிட்டுப் பிங் ஓட்டினால் மூன்றாவது பத்தி ஏறத் தொடங்கும். இப்போது ‘0-3’ என்று எழுதுங்கள். நான்கு பத்திகளும் ஏறுமா? ஏறாது. நீங்கள் கொடுப்பது அனுமதிப் பட்டியல் மட்டுமே. அதற்குள்ளிருந்து ஒன்றைக் கெர்னல் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். எதைத் தேர்ந்தெடுத்தது என்பதை ‘எஃபெக்டிவ்’ கோப்பு சொல்லும். வாதம் வந்தால் எப்போதும் இந்தக் கோப்பையே நம்புங்கள்.

நீங்கள் எழுதியது சிறிது நேரத்தில் தானாக மாறிவிடுகிறதா? ‘ஐஆர்க்யூபேலன்ஸ்’ என்ற பின்னணிச் சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். வழக்கமான அமைப்பில் பத்து நொடிக்கொரு முறை கணக்குப் பார்த்து அது குறுக்கீடுகளை இடம் மாற்றும். சோதனை செய்யும்போது அதை நிறுத்திவிடுங்கள். சோதனை முடிந்ததும் திரும்ப ஓட விடுங்கள். எல்லாவற்றையும் கையால் நிர்ணயிப்பேன் என்று அதை நிரந்தரமாக அணைப்பவர்களில் பலர், புதிய கார்டு மாட்டியபோது மறந்துவிட்டு சிபியு 0இல் எல்லாவற்றையும் குவித்துவிடுகிறார்கள்.

என்விஎம்இ வட்டின் வரியில் இதே சோதனையைச் செய்தால் பெரும்பாலும் ‘இன்புட்/அவுட்புட் எரர்’ போன்ற ஒரு பிழையோடு திருப்பி அனுப்பிவிடும். வட்டு பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம். அவை கெர்னலே நிர்வகிக்கும் குறுக்கீடுகள். எந்த வரிசை எந்த சிபியுவுக்கு என்று டிரைவர் ஏற்றப்படும்போதே பங்கிட்டாகிவிட்டது. பயனர் கை வைக்க முடியாது.

இன்னும் ஒரு சோதனை, இது அழகானது. குறுக்கீட்டை சிபியு 2இல் வைத்துவிட்டு, ‘சிஸ்’ கோப்பகத்தில் ‘டிவைசஸ்’, ‘சிஸ்டம்’, ‘சிபியு’, ‘சிபியு2’ என்று இறங்கி, ‘ஆன்லைன்’ கோப்பில் 0 என்று எழுதுங்கள். சிபியு 2 அணைந்துவிடும். பிங் ஒரு பாக்கெட்டைக்கூட இழக்காமல் தொடரும். குறுக்கீடு வேறொரு பத்திக்குப் போயிருக்கும். மறுபடி 1 எழுதி சிபியு 2ஐ எழுப்புங்கள். குறுக்கீடு திரும்பி வராது. நீங்கள் கொடுத்த அமைப்பைக் கெர்னல் அணைக்கும்போதே கைவிட்டுவிட்டது. நிர்வகிக்கப்படும் குறுக்கீடுகள் மட்டும் தங்கள் சிபியு எழுந்ததும் திரும்பும். சிபியு 0ஐ எக்ஸ்86 இயந்திரங்களில் பொதுவாக அணைக்க முடியாது; அதற்கான ‘ஆன்லைன்’ கோப்பே இல்லாவிட்டால் வியக்க வேண்டாம்.

நான்காம் படி: வேலை உண்மையில் எங்கே நடக்கிறது

ஹேண்ட்லர் ஓடும்போது அந்த சிபியுவில் மற்றக் குறுக்கீடுகள் அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே அது சீக்கிரம் முடிய வேண்டும். லினக்ஸ் வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. கையெழுத்துப் போட்டுத் தபால்காரரிடம் உறையை வாங்கி வைப்பது மேற்பாதி. உறையைப் பிரித்துப் படித்துப் பதில் எழுதுவது கீழ்ப்பாதி. இந்தக் கீழ்ப்பாதிக்கான முக்கிய வழி ‘சாஃப்ட்ஐஆர்க்யூ’. மொத்தம் பத்து வகை. ‘ப்ராக்’ கோப்பகத்தில் ‘சாஃப்ட்ஐஆர்க்யூஸ்’ என்ற கோப்பில் பத்து வரிகளாக, சிபியு வாரியாகக் கணக்கு கிடைக்கும். பாக்கெட் வரவு ‘நெட்_ஆர்எக்ஸ்’ வரியில்.

எந்த சிபியு எழுப்பியதோ அதே சிபியுவில்தான் சாஃப்ட்ஐஆர்க்யூ ஓடும். ஆகவே குறுக்கீட்டை சிபியு 2க்கு மாற்றியபோது நீங்கள் மாற்றியது ஹேண்ட்லரின் சில மைக்ரோநொடி வேலையை மட்டுமல்ல; அதற்குப் பின்னால் வரும் பாக்கெட் பிரிப்பு, டிசிபி கணக்கு எல்லாவற்றையும் சேர்த்தே இடம் மாற்றியிருக்கிறீர்கள். ‘நெட்_ஆர்எக்ஸ்’ வரியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இங்கேதான் குறுக்கீட்டு எண்ணிக்கை ஆளை ஏமாற்றும். நெட்வொர்க் டிரைவர்கள் ‘நேபி’ முறையைப் பின்பற்றுகின்றன. முதல் பாக்கெட்டுக்குக் குறுக்கீடு வரும். ஹேண்ட்லர் உடனே கார்டின் குறுக்கீட்டை அடைத்துவிட்டு சாஃப்ட்ஐஆர்க்யூவை எழுப்பும். அது கார்டின் வரிசையைத் தானே போய்ப் பார்த்துப் பாக்கெட்டுகளை அள்ளும். வழக்கமாக ஒரு சாதனத்துக்கு ஒரு முறைக்கு 64, ஒரு சுற்றுக்கு மொத்தம் 300. வரிசை காலியானால்தான் குறுக்கீடு மீண்டும் திறக்கப்படும். விளைவு: பாக்கெட் வெள்ளமாக வரும்போது குறுக்கீட்டு எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைவாக இருப்பதால் அந்த சிபியு சும்மா இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சாஃப்ட்ஐஆர்க்யூவும் வரம்பில்லாமல் ஓட முடியாது. சுமார் 2 மில்லிநொடி, அல்லது பத்துச் சுற்று. அதற்கும் மேல் வேலை இருந்தால் ‘கேசாஃப்ட்ஐஆர்க்யூடி’ என்ற கெர்னல் திரெட்டிடம் ஒப்படைக்கப்படும். அது ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒன்று உண்டு. ‘டாப்’ கட்டளையில் சிபியு 0க்குரிய இந்தத் திரெட் நூறு சதவீதம் எரிந்துகொண்டிருக்க, மற்ற சிபியுக்கள் தூங்கிக்கொண்டிருந்தால், பாக்கெட்டுகள் அனைத்தும் ஒரே இடத்தில் குவிகின்றன என்று பொருள்.

தீர்வு இரண்டு. கார்டில் பல வரிசைகள் இருந்தால் ‘ஈத்டூல்’ கட்டளை கொண்டு அவற்றைத் திறந்து, ஒவ்வொன்றின் குறுக்கீட்டையும் ஒரு சிபியுவுக்குக் கொடுக்கலாம். நம் இ1000 போல ஒரே வரிசை என்றால் ‘ஆர்பிஎஸ்’ இருக்கிறது. 2010இல் 2.6.35 பதிப்பில் வந்த இது, குறுக்கீட்டை வாங்கிய சிபியு பாக்கெட்டின் முகவரிகளையும் போர்ட்டுகளையும் கலந்து ஒரு ஹாஷ் எடுத்து, அதற்கேற்ப இன்னொரு சிபியுவிடம் தள்ளிவிடும் முறை. ‘சிஸ்’, ‘கிளாஸ்’, ‘நெட்’ என்று போய் உங்கள் கார்டுக்குள் ‘க்யூஸ்’, ‘ஆர்எக்ஸ்-0’ என்ற இடத்தில் ‘ஆர்பிஎஸ்_சிபியுஸ்’ கோப்பு. அங்கே மாஸ்க் வடிவம்தான். சிபியு 1, 2 இரண்டும் வேண்டுமென்றால் 6. ஒரே ஒரு பதிவிறக்கத்தை வைத்துச் சோதித்தால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் ஒரே இணைப்பின் பாக்கெட்டுகள் ஒரே ஹாஷ் தரும், ஒரே சிபியுவுக்குப் போகும். பல பதிவிறக்கங்களை ஒன்றாக ஓட்டுங்கள். ‘நெட்_ஆர்எக்ஸ்’ பரவுவதையும், கூடவே ‘சிஏஎல்’ வரி உயர்வதையும் காணலாம். தள்ளிவிட்ட சிபியு மற்றதைத் தட்டி எழுப்பியதன் செலவு அது. கார்டிலேயே போதிய வரிசைகள் இருக்கும்போது ஆர்பிஎஸ்ஸையும் போடுவது அந்தச் செலவைச் சும்மா கட்டுவதுதான்.

ஐந்தாம் படி: சொந்தமாக ஒரு ஹேண்ட்லர்

மாட்யூலின் தொடக்க ஃபங்ஷனில் ‘ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூ’வை அழையுங்கள். ஐந்து தகவல்கள் தர வேண்டும்: இ1000 கார்டின் ஐஆர்க்யூ எண், உங்கள் ஹேண்ட்லர், ‘ஐஆர்க்யூஎஃப்_ஷேர்ட்’ என்ற கொடி, ஒரு பெயர், கடைசியாக ஓர் அடையாளச் சுட்டி. பகிரப்படும் கம்பியில் இந்தச் சுட்டி வெறுமையாக இருக்கக் கூடாது. விலகும்போது யாரை நீக்குவது என்று கெர்னல் அதைக் கொண்டுதான் கண்டுபிடிக்கிறது. உங்கள் மாட்யூலுக்குள் இருக்கும் ஏதேனும் ஒரு மாறியின் முகவரியைக் கொடுத்தால் போதும்.

ஹேண்ட்லருக்குள் ஒவ்வொரு முறையும் ‘பிரின்ட்கே’ அடிக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள், பதிவேடு நிரம்பி வழிந்து, நீங்கள் அளக்க வந்த வேகமே மாறிவிடும். ‘டிஃபைன்_பெர்_சிபியு’ கொண்டு ஒவ்வொரு சிபியுவுக்கும் ஓர் எண்ணியை வைத்து, ஹேண்ட்லரில் ‘திஸ்_சிபியு_இன்க்’ மூலம் ஒன்று கூட்டுங்கள். எந்த சிபியுவில் ஓடுகிறோமோ அந்த சிபியுவின் எண்ணி மட்டும் ஏறும், பூட்டே தேவையில்லை. மாட்யூலை இறக்கும்போது ‘ஃப்ரீ_ஐஆர்க்யூ’வை அழைத்துவிட்டு நான்கு எண்ணிகளையும் அச்சிடுங்கள். அட்டவணையில் இடைப்பட்ட நேரத்தில் ஏறிய எண்ணிக்கையோடு அவை ஒத்துப்போக வேண்டும். மாட்யூல் ஏறியிருக்கும்போது அட்டவணையைப் பார்த்தால் அந்த வரியின் முடிவில் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் காற்புள்ளியோடு உங்கள் பெயரும் நிற்கும்.

ஹேண்ட்லர் எதைத் திருப்பித் தர வேண்டும்? உங்களுக்கென்று சாதனம் எதுவும் இல்லை, ஆகவே ‘ஐஆர்க்யூ_நன்’. இதில் பொய் சொல்லக் கூடாது. ஒரு கம்பியில் வந்த ஒரு லட்சம் குறுக்கீடுகளில் 99,900க்கு மேல் யாரும் பொறுப்பேற்கவில்லை என்றால், ‘நோபடி கேர்ட்’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டுக் கெர்னல் அந்தக் கம்பியையே அடைத்துவிடும். பழுதடைந்த சாதனம் கத்திக்கொண்டே இருந்து இயந்திரத்தை முடக்காமல் காக்கும் ஏற்பாடு அது. எல்லாவற்றுக்கும் ‘ஐஆர்க்யூ_ஹேண்டில்ட்’ என்று திருப்பித் தரும் டிரைவர் அந்தக் காவலைக் குருடாக்குகிறது.

ஹேண்ட்லருக்குள் தூங்கக் கூடாது. மியூடெக்ஸ் (தூங்கிக் காத்திருக்கும் பூட்டு) கூடாது, பயனர் நினைவகத்தைத் தொடக் கூடாது, நினைவகம் ஒதுக்க வேண்டுமென்றால் ‘ஜிஎஃப்பி_அட்டாமிக்’ மட்டுமே. தூங்கியே தீர வேண்டிய சாதனங்கள் உண்டு. ஐ2சி கம்பியில் தொங்கும் தொடுதிரையோடு பேசுவதற்கே காத்திருக்க வேண்டும். அதற்காக 2009இல் 2.6.30 பதிப்பில் ‘ரெக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ’ வந்தது. மேற்பாதி ‘ஐஆர்க்யூ_வேக்_த்ரெட்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். மீதி வேலை தனித் திரெட்டில் நடக்கும். அந்தத் திரெட்டும் குறுக்கீட்டின் அஃபினிட்டியைப் பின்தொடரும். 2024இல் 6.12 பதிப்போடு முதன்மைக் கெர்னலில் முழுமையாகச் சேர்ந்த ‘ப்ரீஎம்ப்ட்_ஆர்டி’ அமைப்பில் ஏறக்குறைய எல்லா ஹேண்ட்லர்களும் இப்படித் திரெட்டுகளாகிவிடுகின்றன. புதிய டிரைவர் எழுதுகிறவர்கள், வேகம் உயிர்நாடியாக இல்லாத வரை, நேராகத் திரெட் முறைக்கே போகலாம் என்பேன்.

ஆறாம் படி: பூட்டு

இந்தப் படியை அவசரமாக வாசிக்காதீர்கள்.

ஒற்றை சிபியுவில் குறுக்கீட்டை அடைத்துவிட்டால் உலகமே நின்றுவிடும். தரவைப் பாதுகாக்க அது போதும். 1996இல் வந்த லினக்ஸ் 2.0 பல சிபியுக்களைத் தாங்கியபோது, கெர்னல் முழுவதையும் ஒரே பெரிய பூட்டுக்குள் வைத்துச் சமாளித்தது. அந்தப் பூட்டைத் துண்டு துண்டாகக் கழற்றி, 2011இல் 2.6.39 பதிப்பில்தான் முற்றாக நீக்கினார்கள். எல்லா சிபியுக்களிலும் ஒரே அடியாகக் குறுக்கீட்டை அடைக்கும் பழைய ‘கிளை’ முறையும் 2.5 வளர்ச்சிக் காலத்திலேயே போய்விட்டது. இன்று உங்களிடம் இருப்பது ‘லோக்கல்_ஐஆர்க்யூ_டிசேபிள்’. அது அடைப்பது உங்கள் சிபியுவை மட்டும். பக்கத்து சிபியுவில் அதே தரவை யாரும் தொடலாம்.

கெர்னல் ஓர் உறுதி தருகிறது: ஒரே ஐஆர்க்யூவின் ஹேண்ட்லர் ஒரே நேரத்தில் இரண்டு சிபியுக்களில் ஓடாது. வேறு ஐஆர்க்யூவின் ஹேண்ட்லரோ, உங்கள் டிரைவரின் சாதாரண நிரலோ பக்கத்து சிபியுவில் ஓடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

ஓர் எண்ணியைச் சாதாரண நிரலும் ஹேண்ட்லரும் பகிர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் வெறும் ‘ஸ்பின்_லாக்’ (கிடைக்கும்வரை தூங்காமல் சுழன்று காத்திருக்கும் பூட்டு) போட்டிருக்கிறீர்கள். சிபியு 1இல் சாதாரண நிரல் பூட்டைப் பிடிக்கிறது. அந்த நொடியில் குறுக்கீடு சிபியு 2இல் விழுந்தால் ஹேண்ட்லர் அங்கே சற்றுச் சுழன்று காத்திருக்கும், சிபியு 1 பூட்டை விடும், எல்லாம் சுபம். அதே குறுக்கீடு சிபியு 1இலேயே விழுந்தால்? ஹேண்ட்லர் பூட்டுக்காகச் சுழலும். பூட்டைப் பிடித்திருக்கும் நிரலோ அதே சிபியுவில் ஹேண்ட்லருக்கு அடியில் மாட்டிக்கிடக்கிறது. ஹேண்ட்லர் முடியாமல் அது ஓட முடியாது, அது ஓடாமல் ஹேண்ட்லர் முடியாது. சிபியு 1 அங்கேயே செத்தது.

சாதாரண நிரலில் ‘ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ்’ போடுவது இதற்காகத்தான். அதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. தன் சிபியுவில் குறுக்கீட்டை அடைப்பது இந்த முட்டுச்சந்தைத் தவிர்க்கிறது. பூட்டைப் பிடிப்பது மற்ற சிபியுக்களைத் தள்ளி நிறுத்துகிறது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்கும்போதுதான் பிழை பிறக்கிறது. அந்தப் பூட்டை ஒரே ஒரு ஐஆர்க்யூவின் ஹேண்ட்லர் மட்டும் தொடுகிறது என்றால் ஹேண்ட்லருக்குள் வெறும் ‘ஸ்பின்_லாக்’ போதும். சாஃப்ட்ஐஆர்க்யூவோடு மட்டும் பகிர்வு என்றால் ‘ஸ்பின்_லாக்_பிஎச்’ போதும்.

மேலே உள்ள பிழை வெளிப்படுமா இல்லையா என்பது குறுக்கீடு எந்த சிபியுவில் விழுகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. பல சிபியுக்கள் கொண்ட இயந்திரத்தில் மாதக்கணக்கில் மறைந்திருந்து, ஒரு நாள் வாடிக்கையாளரின் சின்னப் பலகையில் தலைகாட்டும். மூன்றாம் படியில் கற்ற வித்தை இங்கே உதவும். குறுக்கீட்டையும், ‘டாஸ்க்செட்’ கட்டளையால் உங்கள் சோதனை நிரலையும் ஒரே சிபியுவில் கட்டிப்போட்டு ஓட்டுங்கள். முட்டுச்சந்துப் பிழை சீக்கிரம் வெளிவரும். பிறகு இரண்டையும் வெவ்வேறு சிபியுக்களில் கட்டிப்போட்டு ஓட்டுங்கள். பூட்டே போட மறந்த இடங்கள் அப்போது வெளிவரும். இரண்டையும் செய்யாமல் டிரைவரை யாருக்கும் கொடுக்காதீர்கள். கெர்னலை ‘ப்ரூவ்_லாக்கிங்’ அமைப்போடு கட்டினால், பூட்டுகளைக் கண்காணிக்கும் ‘லாக்டெப்’ இன்னும் ஒரு படி மேலே போகும். முட்டுச்சந்து உண்மையில் நடக்காவிட்டாலும், ஒரே பூட்டு ஹேண்ட்லருக்குள்ளும், குறுக்கீடு திறந்திருக்கும் நிரலிலும் எடுக்கப்படுவதைக் கண்டதுமே ‘இன்கன்சிஸ்டன்ட் லாக் ஸ்டேட்’ என்று புகார் எழுதிவிடும்.

இன்னொரு முட்டுச்சந்து: ‘டிசேபிள்_ஐஆர்க்யூ’ ஃபங்ஷன், எந்த சிபியுவிலாவது அந்த ஹேண்ட்லர் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருக்கும். அதே ஹேண்ட்லருக்குள்ளிருந்து அழைத்தால் தனக்குத்தானே காத்திருக்கும். அங்கே ‘டிசேபிள்_ஐஆர்க்யூ_நோசிங்க்’ வேண்டும். ‘ஃப்ரீ_ஐஆர்க்யூ’வும் இப்படியே காத்திருக்கும் என்பதால், ஹேண்ட்லர் தொடும் பூட்டைப் பிடித்துக்கொண்டு அதை அழைக்காதீர்கள்.

ஏழாம் படி: சிபியுக்கள் ஒன்றையொன்று தட்டுவது

அட்டவணையில் விட்டுவைத்த மூன்று வரிகள். ‘ஆர்இஎஸ்’: உன் வரிசையில் புதிய வேலை வந்திருக்கிறது, எழுந்து பார் என்ற செய்தி. ‘சிஏஎல்’: இந்த ஃபங்ஷனை உன் சிபியுவில் ஓட்டு. ‘டிஎல்பி’: நினைவக வரைபடம் மாறிவிட்டது, உன்னிடமுள்ள பழைய நகலைத் துடைத்துவிடு. பல திரெட்டுகள் கொண்ட நிரல் ஒன்று அடிக்கடி ‘எம்அன்மேப்’ செய்தால் கடைசி வரி எகிறும். தனி சிபியு ஒதுக்கி நேரக்கட்டுப்பாட்டோடு ஓடும் நிரல் அவ்வப்போது தடுமாறினால், சாதனக் குறுக்கீடுகளையெல்லாம் விலக்கிய பிறகும் இந்த வரிகளைப் பார்க்க மறக்காதீர்கள். மாட்யூலிலிருந்து ‘எஸ்எம்பி_கால்_ஃபங்ஷன்_சிங்கிள்’ மூலம் நீங்களும் தட்டலாம். குறுக்கீடு அடைக்கப்பட்ட நிலையில் பதிலுக்குக் காத்திருப்பதாக அழைக்கக் கூடாது. எதிர் சிபியுவும் அதே நிலையில் உங்களை அழைத்திருந்தால் இருவரும் நிரந்தரமாகக் காத்திருப்பீர்கள்.

எட்டாம் படி: ஓடுவதை நேரில் பார்ப்பது

எண்ணிக்கைகள் எத்தனை என்று சொல்லும், எந்த வரிசையில் என்று சொல்லாது. அதற்குக் கெர்னலின் தடம் காட்டும் கருவியான ‘எஃப்ட்ரேஸ்’. ‘சிஸ்’, ‘கெர்னல்’, ‘ட்ரேசிங்’, ‘ஈவென்ட்ஸ்’, ‘ஐஆர்க்யூ’ என்று போய் ‘எனேபிள்’ கோப்பில் 1 எழுதிவிட்டு, ‘ட்ரேசிங்’ கோப்பகத்திலுள்ள ‘ட்ரேஸ்_பைப்’பைக் ‘கேட்’ செய்யுங்கள். ஹேண்ட்லர் நுழைவு, வெளியேற்றம், சாஃப்ட்ஐஆர்க்யூ எழுப்புதல், ஓடுதல் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொரு வரியிலும் சதுர அடைப்புக்குள் சிபியு எண் இருக்கும். அதற்கடுத்த குறிகளில் ‘எச்’ இருந்தால் வன்பொருள் குறுக்கீட்டுச் சூழல், ‘எஸ்’ இருந்தால் சாஃப்ட்ஐஆர்க்யூ. ஒரு பிங் பாக்கெட்டை மட்டும் அனுப்பி, அது எந்த சிபியுவில் நுழைந்து எங்கே முடிந்தது என்று விரலால் தொட்டு வாசியுங்கள். ஆர்பிஎஸ் போட்ட நிலையிலும் போடாத நிலையிலும் செய்து ஒப்பிடுங்கள்.

அதன் பிறகு மூல நிரலுக்குப் போகலாம். ‘கெர்னல்’ கோப்பகத்தில் ‘ஐஆர்க்யூ’வுக்குள் முதலில் ‘ஹேண்டில்.சி’, சிறியது, ஹேண்ட்லர்களை வரிசையாக அழைக்கும் சுழற்சி அங்கேதான். அடுத்து ‘சிப்.சி’யில் கம்பி வகைக்கேற்ற ஓட்டம். ‘மேனேஜ்.சி’ நீளமானது, அதில் ‘ரெக்வெஸ்ட்_த்ரெடட்_ஐஆர்க்யூ’வையும் அஃபினிட்டி ஃபங்ஷன்களையும் மட்டும் இப்போதைக்குப் பாருங்கள். எக்ஸ்86இல் வெக்டர்கள் சிபியு வாரியாக எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பது ‘ஏபிக்’ கோப்பகத்தின் ‘வெக்டர்.சி’யில் இருக்கிறது. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் திறந்தவர்கள் பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள்.